ஆலங்குடா இல்லத்தின் இலக்கத்தை நான் மறைத்த விதம்

கற்பிட்டிக் கரையில் ஒரு பெண்ணின் உயிரை மூன்றே தட்டில் காப்பாற்றியவன் நான்.

பொய். தட்டியது இரண்டு. மூன்றாவதை மறந்துவிட்டேன்.

ஆனாலும் நான் ஓய்வுபெற்ற அன்று அந்த மூன்று தட்டுக்காகத்தான் எனக்குப் பொன்னாடை போர்த்தினார்கள். ஒரு சுவர் மணிக்கூடும் தந்தார்கள். மணிக்கூடு பத்து நிமிடம் பிந்தித்தான் ஓடுகிறது. என்னை நன்றாகத் தெரிந்த ஆள்தான் அதை வாங்கியிருக்க வேண்டும்.

இப்போது டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் வேலை செய்கிற பிள்ளைகள் இரண்டு பேர் போன வாரம் வீட்டுக்கு வந்தார்கள். அழைக்கிற ஆளின் பெயரே மற்றவரின் போனில் விழுகிற ஏற்பாடு நமது பகுதிக்கும் வந்துவிட்டது அல்லவா? அதில் ஒரு குழப்பமாம்.

"அங்கிள், ஒராள் தன்ட பேரை மறைக்கச் சொன்னா நாங்க ஆருட சொல்லைக் கேக்கிற? கொழும்புட சொல்லையா, மாகாணத்துட சொல்லையா?"

"ரெண்டு பேரையும் கேக்காம என்னட்டயா கேக்கிறீங்க? நான் அஞ்சாம் வகுப்புப் படிச்சவன், மகன்."

"நீங்கதானே ரெண்டு பேரையும் கேக்காம அந்த ஆலங்குடா நம்பரை மறைச்ச ஆள். அதை எங்கட ஆண்டு மலருக்கு எழுதித் தாங்க அங்கிள். எல்லாரும் வாசிக்கட்டும்."

என் மனைவி பிலோமினா தேத்தண்ணி கொண்டுவந்தவள், "ஓம், எழுதுங்க. சும்மாதானே இருக்கிறீங்க" என்றாள். சும்மா இருக்கிறவனுக்கு இப்படித்தான் வேலை வரும். எழுதுகிறேன். பொன்னாடையைத் திருப்பிக் கேட்டால் தருவேன். பிலோமினா அதை யன்னல் சீலையாகத் தைத்துவிட்டாள். அப்படியே கழற்றித் தருவேன்.

பயிற்சிக் காலத்தைப் பற்றி எழுத அதிகம் இல்லை. ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடமும் நானும் ஒருவரை ஒருவர் விட்டுவிட்டோம். கம்பம் நட மடு வெட்டுகிற வேலைக்கு டெலிபோன் கம்பனியில் சேர்த்தார்கள். பிறகு கம்பத்தில் ஏறவிட்டார்கள். எங்கள் பக்கத்துக் கழுதைகளுக்கு முதுகு கடித்தால் கம்பத்தை இழுத்துக் கட்டியிருக்கிற கம்பியில்தான் வந்து உரசும். நான் மேலே ஆடிக்கொண்டு கீழே நிற்கிற கழுதையிடம் கெஞ்சிய நாட்கள் உண்டு. களப்புக் காற்றின் உப்பு இணைப்புகளில் பச்சையாகப் பூத்து நிற்கும். அதைச் சுரண்டிச் சுரண்டியே பாதி வயது போனது. முழங்கால் தேய்ந்த பிறகு இரக்கப்பட்டு எக்ஸ்சேஞ்சுக்கு உள்ளே எடுத்தார்கள்.

உள்ளே ஒரு திரையும் ஒரு கீபோர்டும் இருந்தன. எல்லாம் ஆங்கிலம். எனக்கு ஆங்கிலத்தில் தெரிந்தது என் கையெழுத்து மட்டும். ஆகவே கட்டளைகளை நான் வாசித்துப் பழகவில்லை. பட்டன்கள் இருக்கிற இடத்தைப் பார்த்து, தவில்காரன் கைக்கணக்கு வைப்பது போல விரல் கணக்காகப் பழகினேன். ஒரு இலக்கத்தை மறைப்பதற்கு முதல் தட்டு, கட்டளை. இரண்டாம் தட்டு, அந்த இலக்கம். அதன் பிறகு மெஷின் ஒரு கேள்வி கேட்கும்: நிச்சயமாகத்தானா? அதற்கு "ஓம்" என்று மூன்றாம் தட்டு. பதில் சொல்லாமல் எழும்பினால் மெஷின் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, நீ வந்ததையே மறந்துவிடும்.

எங்களுக்கு மேலே இருந்தவர் ஹமீது சேர். தில்லையடியிலிருந்து முதல் பஸ்ஸில் வருவார். சேர்ட்டில் ஒரு சுருக்கம் இருக்காது. கடிதம் வந்தால் அடிமட்டத்தின் ஓரத்தால் உறையைக் கிழிப்பார். மூலையில் சிவப்புப் பேனையால் வந்த நேரத்தை எழுதுவார். இரண்டு முறை வாசிப்பார். பிறகு மூக்குக்கண்ணாடியைக் கழற்றி லேஞ்சியால் துடைப்பார். அவர் துடைக்கத் தொடங்கினால் அந்தக் கடிதத்தில் ஏதோ வில்லங்கம் இருக்கிறது என்று அர்த்தம். ஒருவரையும் அவர் ஏசி நான் கேட்டதில்லை. "இல்லை" என்றும் சொல்லமாட்டார். "பார்ப்பம் மகன்" என்பார். அந்தப் "பார்ப்பம்" சில நேரம் ஆறு மாதம் நீளும்.

ஒரு நாள் வந்த கடிதத்துக்குக் கண்ணாடியை மூன்று தரம் துடைத்தார்.

ஆலங்குடாவில், தென்னந்தோட்டத்துக்குள், வெளியில் பெயர்ப்பலகை இல்லாத ஒரு வீடு இருந்தது. புருசன்மாரின் அடிக்குத் தப்பி வந்த பெண்களை வைத்துப் பார்க்கிற இல்லம். நடத்தியது மாகாணம். பொறுப்பாக இருந்தவர் லலிதா மிஸ். அப்போதுதான் கூப்பிடுகிற ஆளின் இலக்கம் காட்டுகிற சின்னப் பெட்டிகள் கடைகளுக்கு வரத் தொடங்கியிருந்தன. அங்கிருந்து ஒரு பெண் வெளியே போனில் கோல் எடுத்தால் மற்றப் பக்கத்துப் பெட்டியில் இல்லத்தின் இலக்கம் விழும். அதை விழாமல் செய்யும்படி மாகாணத்தின் கடிதம். இப்படிப்பட்ட இல்லங்களின் இடத்தை எவரும் வெளிப்படுத்தக்கூடாது என்று அவர்களிடம் ஒரு நியதிச் சட்டம் இருந்ததாம்.

"செய்வமா சேர்? ரெண்டு நிமிச வேலை" என்றேன்.

"மகன், வேலை ரெண்டு நிமிசந்தான். உத்தரவு ஆருட? மாகாணம் றோட்டுல மடு மூடச் சொல்லலாம். பள்ளிக்கூடத்துக்குக் கதிரை குடுக்கலாம். டெலிபோன் மத்திய அரசாங்கத்துட சாமான். மாகாணம் சொல்லி நாங்க மெஷின்ல கை வச்சா, நாளைக்கு கொழும்பு என்னைக் கேக்கும், நீ ஆருட ஆள் எண்டு."

கொழும்புக்கு எழுதினார். மூன்று கிழமையில் பதில் வந்தது. இலக்கத்தைக் காட்டுவதும் மறைப்பதும் மத்தியின் அதிகாரம், மாகாணத்தின் சட்டம் தொலைபேசியைக் கட்டுப்படுத்தாது. கோலை எடுக்கிறவருக்கும் யார் கூப்பிடுகிறார் என்று அறிகிற உரிமை உண்டு. மறைக்க விரும்புகிறவர் இணைத்துள்ள படிவத்தை நிரப்பி, கிராம சேவகரிடம் விலாசத்தை உறுதிப்படுத்தி அனுப்பவும்.

அதை மோட்டார் சைக்கிளில் லலிதா மிஸ்ஸிடம் கொண்டுபோனவன் நான். அவர் படிவத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"விலாசத்தை மறைக்கிறதுக்கு விலாசத்தை எழுதிக் குடுக்க வேணுமா? எங்கட சட்டத்துல அது குற்றம்."

"கொழும்புச் சட்டத்துல எழுதாட்டி குற்றம் மிஸ்."

"அப்ப நான் எந்தச் சட்டத்தை மீறட்டும்?"

"என்னட்டக் கேக்காதீங்க மிஸ். நான் கழுதையோட கதைச்சுப் பழகின ஆள்."

மிஸ் சிரித்தார். அவருக்குப் பின்னால் நிலைக்கதவில் சாய்ந்து நின்ற ஒரு பெண்ணும் சிரித்தாள். அவள்தான் அஞ்சலா. பங்குத் தந்தை கொண்டுவந்து விட்டு ஒரு மாதம். புருசன் சீலன் படகோட்டி. மகளைத் தங்கச்சி ரீட்டாவின் வீட்டில் விட்டுவிட்டு வந்திருந்தாள். இலக்கம் மறையும்வரை ஒருவரும் கோல் எடுக்கக்கூடாது என்பது மிஸ்ஸின் கட்டளை. பிள்ளைக்குக் காய்ச்சல் வந்தால் அறிவிக்கட்டும் என்று, பங்குத் தந்தையின் கையில் ஒரு துண்டுக் கடுதாசி கொடுத்து இல்லத்தின் இலக்கத்தை ரீட்டாவுக்கு மட்டும் அனுப்பியிருந்தாள். வெளியில் அந்த இலக்கம் தெரிந்த ஒரே ஆள் ரீட்டா. இதை மறக்க வேண்டாம்.

"அண்ணே, எப்ப மறையும்?" என்று அஞ்சலா கேட்டாள். "பிள்ளைட குரலைக் கேட்டு ஒரு மாசம்."

"கொழும்பும் மாகாணமும் கலியாணம் முடிச்சாப் பிறகு" என்றேன். திரும்பவும் சிரித்தாள். என் பகிடிக்குச் சிரிக்கிற ஆளைக் கண்டால் எனக்குத் தலைகால் தெரியாது.

இன்னும் இரண்டு மாதம் கடிதங்கள் போய் வந்தன. மாகாணம் தன் சட்டத்தின் பிரிவைக் காட்டி எழுதியது. கொழும்பு, அந்தப் பிரிவு தன்னைக் கட்டாது என்று எழுதியது. ஹமீது சேரின் மேசையில் கோப்பு பேக்கரிப் பாண் அளவுக்குத் தடித்தது. ஒரு நாள் மத்தியானம், லுஹர் தொழுகைக்குப் போகிற நேரம், அவர் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு சொன்னார்:

"செபஸ்தி, நான் பள்ளிக்குப் போய் வாறன். மெஷின் திறந்து ஈக்கிது. நான் மூடல்ல."

"சரி சேர்."

"நான் திரும்பி வாற நேரம் கதிரையில ஆரும் ஈக்கப்படாது. நான் ஒண்டும் பாக்கல்ல."

அந்த மனிதன் தன் பதவிக்காலத்தில் செய்த ஒரே ஒழுங்கீனம் அதுதான் என்று நினைக்கிறேன். அதைச் செய்ய என்னைப் போய் நம்பினார். நான் கதிரையில் இருந்தேன். கட்டளை, ஒன்று. இலக்கம், இரண்டு. மெஷின் கேட்டது, நிச்சயமாகத்தானா? அப்போது வாசலில் செருப்புச் சத்தம். சேர்தான் வந்துவிட்டார் என்று துள்ளி எழும்பி ஓடினேன். வந்தது தபால்காரன். அவனோடு நின்று கதைத்தேன், சிரித்தேன். பெரிய வேலை முடித்த ஆள் மாதிரி நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு வீட்டுக்குச் சாப்பிடப் போனேன். மீன் குழம்பு கூட ஞாபகம் இருக்கிறது. மூன்றாம் தட்டு ஞாபகம் வரவில்லை.

நமது வேலையில் ஒரு வழக்கம் உண்டு, பழைய ஆட்களுக்குத் தெரியும். எந்த இணைப்பில் கை வைத்தாலும், முடிந்த பிறகு பாவனையாளரின் வீட்டுப் போனிலிருந்து ஒரு சோதனைக் கோல் எடுத்துப் பார்ப்போம். கற்பிட்டியில் நாங்கள் எல்லோரும் எடுக்கிறது இறங்குதுறை ரசூல் நானாவின் தேத்தண்ணிக் கடைக்குத்தான். ஊரில் முதலில் இலக்கம் காட்டுகிற பெட்டி வைத்தவர் அவர். கோல் வந்தால் பெட்டியில் விழுகிற இலக்கத்தை, ஏலம் கூறுகிற மாதிரி, ஒவ்வொரு எண்ணாகக் கத்திச் சொல்லுவார். அவருக்கு அது பெருமை. எங்களுக்கு அது சோதனை.

அடுத்த நாள் காலை பத்து மணிக்கு இல்லத்துக்குப் போனேன். மிஸ்ஸும் அஞ்சலாவும் பக்கத்தில் நிற்க, வித்தைக்காரன் போலப் போனைத் தூக்கி ரசூல் நானாவுக்கு எடுத்தேன். பெட்டியில் ஒன்றும் விழாது, நானா குழம்பிப்போவார், சிரிக்கலாம் என்று நினைத்தேன். படகுகள் கரைக்கு வந்து, மீன் பிரித்து முடிந்து, படகுக்காரர் எல்லோரும் அந்தக் கடையில் இருக்கிற நேரம் பத்து மணி. அது எனக்குத் தெரியாதா? பிறந்த ஊர்.

"நானா, செபஸ்தி. பொட்டியில என்ன விழுது?"

நானா தொண்டையைச் செருமிக்கொண்டு முழு இலக்கத்தையும் கத்தினார். ஒரு எண்ணும் தவறவில்லை.

அந்த நிமிடம்தான் மூன்றாம் தட்டு ஞாபகம் வந்தது.

"இது எங்க ஈக்கிற நம்பர் மகன்? தொடக்கத்தைப் பாத்தா ஆலங்குடாப் பக்கம் போல?"

போனை வைத்திருக்கலாம். "பிழையான நம்பர்" என்றிருக்கலாம். நான் என்ன செய்தேன்? பயம் வந்தால் பகிடி விடுகிற வாய் எனக்கு.

"பொம்பளைகள் மட்டும் இருக்கிற வீடு நானா. இடத்தைச் சொன்னா நீங்க கடையைப் பூட்டிட்டு வந்திடுவீங்க."

நானா சிரித்தார். கடையில் இருந்தவர்களுக்கும் அதைத் திருப்பிச் சொன்னார். அத்தனை பேரும் சிரிக்கிறது எனக்குக் கேட்டது. அன்றைக்கு அது எனக்கு நல்ல பகிடி.

போனை வைத்தேன். லலிதா மிஸ் கேட்டார்: "சரியா? மறைஞ்சிட்டுதா?"

இந்த இடத்தை எழுத இரண்டு நாள் எடுத்தது. "இல்லை மிஸ், பிழைச்சுப்போச்சு, கடையில எல்லாருக்கும் கேட்டிட்டுது" என்று சொல்லியிருந்தால், மிஸ் அந்த மணித்தியாலமே அஞ்சலாவை வேறு இடத்துக்கு அனுப்பியிருப்பார். அதற்கென்று சிலாபத்தில் அவர்களுக்கு இன்னொரு வீடு இருந்தது. சொல்வதற்கு மூன்று மூச்சு போதும். ஆனால் அஞ்சலா என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். வித்தை காட்ட வந்தவன் எப்படித் தோற்றேன் என்பது?

"எல்லாம் சரி மிஸ்" என்றேன்.

மோட்டார் சைக்கிளை அடித்துக்கொண்டு எக்ஸ்சேஞ்சுக்குப் போனேன். சேர் கழிவறைக்குப் போன சமயம் பார்த்து மூன்று தட்டும் தட்டினேன். இப்போது இலக்கம் மறைந்துவிட்டது. யாருக்கும் ஒன்றும் தெரியவரப்போவதில்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

கடையின் மூலையில் பிளேன்டி குடித்துக்கொண்டிருந்தவன் சீலன். இதை ரசூல் நானாவே பிறகு எனக்குச் சொன்னார். சிரிப்பு அடங்கியதும் அவன் எழும்பி வந்து, பெட்டியில் நின்ற இலக்கத்தைச் சிகரட் மட்டையில் எழுதிக்கொண்டு போனானாம். நேரே ரீட்டாவின் வீட்டுக்குப் போய், கோயிலுக்குக் கூட்டிக்கொண்டு போகிறேன் என்று மகளை வாங்கியிருக்கிறான். ரீட்டா நம்பிக் கொடுத்திருக்கிறாள். தகப்பன் கேட்டால் எப்படி இல்லை என்கிறது? மூன்று மணிக்கு ஒரு ஓட்டோவில் ஆலங்குடாவுக்கு வந்து, பெண்கள் மட்டும் இருக்கிற வீடு எது என்று இரண்டு இடத்தில் கேட்டானாம். மூன்றாவது இடம் இல்லத்தின் கேற். அவன் சத்தம் போடவில்லை. பிள்ளையை மட்டும் இறக்கி கேற்றுக்கு முன்னால் நிறுத்தினான். பிள்ளை "அம்மா" என்று கூப்பிட்டது.

லலிதா மிஸ் கையைப் பிடித்து இழுத்தும் நிற்காமல் அஞ்சலா போனாள். ஓட்டோவில் ஏறும்போது திரும்பிப் பார்க்கவில்லையாம்.

அதற்குப் பிறகு நான்கு வருடம் அவள் அந்த வீட்டில் இருந்தாள். என்ன நடந்தது என்று நான் எழுதமாட்டேன். பிறகு சீலன் வேறு ஒருத்தியோடு நீர்கொழும்புப் பக்கம் போய்விட்டான். அஞ்சலா எங்கள் தெருவிலேயே ஒரு வீடு எடுத்துத் தையல் செய்கிறாள். அவளுடைய வீட்டுக்குப் போன் இணைத்தவன் நான்தான். கதைத்துப் பார் என்று ரிசீவரைக் கொடுத்தேன். இடது பக்கம் நீட்டினேன், அவள் வலது பக்கம் மாற்றிப் பிடித்தாள். "அந்தக் காது கேக்காது அண்ணே" என்றாள். நாட்டு நடப்புச் சொல்வது மாதிரிச் சொன்னாள்.

அதோடு நிற்கவில்லை. "அண்டைக்கு நீங்க எங்களுக்காக வேலையையும் பாக்காம நம்பரை மறைச்சீங்களாமே. மிஸ் சொன்னா. கடவுள் உங்களுக்குக் குடுப்பார்" என்றாள். ஹமீது சேரும் பிறகு மெஷினில் பார்த்திருக்கிறார், இலக்கம் மறைந்துதான் இருந்தது. எத்தனை மணிக்கு மறைந்தது என்று மட்டும், நேரம் எழுதாமல் ஒரு கடிதத்தைத் தொடாத அந்த மனிதன், பார்க்கவில்லை. கொழும்பும் மாகாணமும் சண்டை பிடித்த இடத்தில் எங்கள் செபஸ்தி ஒருவன்தான் மனிதனாக நின்றான் என்று பிரியாவிடையில் பேசினார். பேசும்போது அவருக்குக் கண் கலங்கியது. நான் பொன்னாடையோடு நின்றேன்.

இதைவிடப் பெரிய வெட்கம் ஒன்று இருக்கிறது. ரிசீவரை வைத்த பிறகு அஞ்சலா என்னிடம் ஒன்று கேட்டாள்.

"அண்ணே, நம்பரை நீங்க மறைச்சிட்டீங்க. ஆனா அவர்ட சிகரட் மட்டையில அது எழுதியிருந்ததைக் கண்டன். அப்ப அவருக்கு அது எப்பிடிக் கிடைச்சது? ரீட்டாட்ட மட்டுந்தானே இருந்தது. பிள்ளையையும் அவள்தானே தூக்கிக் குடுத்தாள். என்ட கூடப்பிறந்தவள் அண்ணே."

அன்றிலிருந்து அவள் ரீட்டாவோடு கதைப்பதில்லை. ஒரே பங்குக் கோயிலில் இரண்டு பேரும் இரண்டு ஓரத்தில் முழங்கால் போடுவார்கள். வருகிற மாதம் அஞ்சலாவின் மகளுக்குக் கலியாணம். அந்தப் பிள்ளைக்கு மூன்று மாதம் சோறு தீத்தி வளர்த்த சித்திக்கு அழைப்பு இல்லை. ரசூல் நானா மௌத்தாகிவிட்டார். கடையில் அன்று சிரித்தவர்களுக்கு என்னத்துக்குச் சிரித்தோம் என்று தெரியாது. ரீட்டாவில் பிழையில்லை என்று, அவளைத் தவிர, தெரிந்த ஆள் இந்தக் கரையில் நான் ஒருவன்தான் உயிரோடு இருக்கிறேன்.

அன்று அவள் அப்படிக் கேட்டதும், சொல்லிவிடுவோம் என்றுதான் வாயைத் திறந்தேன். திறந்த வாயில் வந்தது என்னவென்றால்—

"இஞ்சாருங்க! அஞ்சலா வந்து நிக்கிறா. போனையும் தூக்கிக்கொண்டு வந்திருக்கிறா."

இது பிலோமினா, வாசலிலிருந்து. எழுதிக்கொண்டிருக்கும்போதே கூப்பிடுகிறாள். அஞ்சலாவின் குரலும் கேட்கிறது.

"செபஸ்தி அண்ணே, கோல் வந்தா இப்ப பேர் விழுது. காலமையில இருந்து ரீட்டா, ரீட்டா எண்டே விழுது. எனக்கு அந்தப் பேரைப் பாக்க ஏலாது. அது விழாம அடைச்சுத் தாங்க. உங்களுக்குத்தானே மறைக்கத் தெரியும்."

வாறன் தங்கச்சி என்று சொல்லிவிட்டேன். இந்தத் தாள்களையும் மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு போகிறேன்.

மலர்க் குழுவுக்கு: இது உங்கள் கைக்கு வந்து சேர்ந்தால், அஞ்சலா முதலில் வாசித்துவிட்டாள் என்று விளங்கிக்கொள்ளுங்கள்.